ஓட்டைக் கோப்பையில் குடித்தது யார்?

"பேய் சனிக்கிழமை ராத்திரி மட்டும்தான் வருமாம், முதலாளியம்மா. ஒழுங்கான பேய். வார நாள்ல யாரையும் தொந்தரவு பண்றதில்ல," என்றேன்.

பிளாங்கா சிரிக்கவில்லை. என் ஜோக்குக்கு அவள் சிரித்தால் அன்றைக்கு மழை வரும் என்று எங்கள் ஆபீசில் ஒரு நம்பிக்கை. ஆபீஸ் என்றால் வேறொன்றுமில்லை, அவளும் நானும் ஒரு பழைய காபி மெஷினும்தான். துப்பறிகிறவள் அவள். வயசு முப்பதைத் தாண்டி ரொம்ப நாளாகவில்லை. நான் காஷ்பர். பிராக் நகரத்தில் காலமெல்லாம் டிராம் ஓட்டி ரிட்டயர் ஆனவன். வீட்டில் சும்மா கிடந்தால் துருப்பிடித்துவிடுவேன் என்று பயந்து அவளிடம் எடுபிடியாகச் சேர்ந்தேன். நான் அவளை முதலாளியம்மா என்பேன், கிண்டலுக்கு. அவள் என்னை மாமா என்பாள். அது கிண்டலா மரியாதையா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஸ்கால்கா ஊர் ஸ்டேஷனை ஒட்டின பீர் கடையில் உட்கார்ந்திருந்தோம். அக்டோபர் கடைசி, சனிக்கிழமை. மத்தியானமே ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஹனூஷ் கிழவர், ஆந்தைக் கூட்டத்தின் தலைவர். வாரக்கடைசி வந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு காட்டுக்கு ஓடி, பாறைக்குக் கீழே நெருப்பு மூட்டி, கிடார் வாசித்து, வெறுந்தரையில் தூங்குகிற ஜாதி எங்கள் நாட்டில் உண்டல்லவா, அந்தக் காடோடிக் கூட்டங்களில் ஒன்று இது.

"கூடாரம் கொண்டு வந்திருக்கீங்களா?" என்று என் மூட்டையைப் பார்த்துக் கேட்டார் ஹனூஷ். பிணத்தைக் கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்கிற தொனி.

"என் முட்டிக்கு ஈரம் ஆகாதுங்க."

"கூடாரத்துல படுக்கறவன் வீட்லயே படுக்கலாமே. சரி, உங்க இஷ்டம். நாங்க யாரும் இப்போ அங்க ராத்தங்கறதில்ல."

விஷயம் இதுதான். போன வருஷம் இதே மாசம் ரடீம், ஒல்டா என்று இரண்டு சிநேகிதர்கள் ஆந்தைப் பாறைக்குப் போனார்கள். சின்ன வயசிலிருந்து ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் ஒரு ராத்திரி, இரண்டே பேர், அது அவர்களுக்குத் திருவிழா மாதிரி. மறுநாள் காலையில் ஒல்டா மட்டும்தான் திரும்பினான். ரடீம் ராத்திரி எழுந்து போனான், வரவில்லை என்றான். பாறை விளிம்பில் ரடீமின் தொப்பி கிடந்தது, ரத்தத்தோடு. கீழே கிடுகிடு பள்ளம், சேறு, பாறை இடுக்குக்குள் புகுந்து காணாமல் போகிற ஓடை. உடல் கிடைக்கவில்லை. குளிர்காலத்தில் போலீஸ் ஒல்டாவின் கத்தியைச் சோதித்தது. அதில் ரடீமின் ரத்தம். கொலைக் கேஸ் போட்டு பிராக் ஜெயிலில் தள்ளிவிட்டார்கள். வருகிற புதன்கிழமை விசாரணை. ஒல்டா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான். செய்தேன் என்றும் சொல்லவில்லை, செய்யவில்லை என்றும் சொல்லவில்லை.

"எங்கப்பா கோழிகூட அறுக்க மாட்டாரு. ஆனா நான் கேட்டாலும் செவுத்தையே பாக்கறாரு," என்று அவன் மகள் ஹெட்விகா எங்கள் ஆபீசில் உட்கார்ந்து அழுதாள். அவளுக்காகத்தான் இந்தக் குளிரில் நான் முட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"சனிக்கிழமை பேய் என்ன செய்யும்?" என்று கேட்டாள் பிளாங்கா.

ஹனூஷ் குரலைத் தாழ்த்தினார். "ஒல்டாவைப் பிடிச்சுட்டுப் போனதுக்கு அப்புறந்தாம்மா ரடீம் செத்துட்டான்னே நாங்க நம்பினோம். எங்க வழக்கப்படி அவன் கோப்பையில ஆணி அடிச்சு ஓட்டை போட்டுப் பாறையில மாட்டினோம். செத்தவன் கோப்பையில இனி யாரும் குடிக்கக் கூடாதுன்னு. ஆனா அவனுக்குக் கல்லறை இல்லையே? செத்தவங்க நினைவு நாளுக்கு எல்லாரும் அவங்கவங்க வீட்டுக் கல்லறைக்கு விளக்கு வெக்கறாங்க. நாங்க எங்க வெக்கறது? அதனால சனிக்கிழமை காலையில போய் அவனுக்கு ஒரு அடுக்கு விறகு அடுக்கி வெச்சுட்டு வருவோம். பத்த வெக்கறதில்ல. அடுக்கறதோட சரி."

"ம்."

"மறுநாளே போய்ப் பாத்தாலும் சாம்பல்தான் கிடக்கு." அவர் கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டது. "இத்தனைக்கும் நான் சாமி கும்பிடாதவன்."

எங்கள் நாட்டில் கடவுளை நம்புகிறவன் கம்மி. பேயை நம்புகிறவனுக்குப் பஞ்சமே இல்லை.

*

ஆந்தைப் பாறைக்கு ஏறிச் சேர்வதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. பீச் மரத்து இலைகள் பாதையை மூடிக் கிடந்தன. நாங்கள் நடந்தால் சரசரக்கிறது, நின்றால் நின்றுவிடுகிறது. ஆனால் ஒரு தடவை நாங்கள் நின்ற பிறகும் சரசரத்தது.

"மான்," என்றாள் பிளாங்கா.

"மானாவே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்ல."

பாறை மேலே குடை மாதிரி முன்னுக்கு நீண்டிருந்தது. அதற்குக் கீழே கரிபிடித்த நெருப்புக் குழி. குழியில் புது விறகு அழகாக அடுக்கி, அடியில் பிர்ச் மரப்பட்டை சுருள் சுருளாகச் செருகியிருந்தது. காலையில் ஹனூஷ் ஆட்கள் வைத்தது. பாறைச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஆணிக்கு ஒரு தகரக் கோப்பை. கடைசிக் கோப்பையின் அடியில் ஓட்டை.

அந்த இடத்தில் காற்றே இல்லை. ஆனால் அந்தக் கடைசிக் கோப்பை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. மற்றதெல்லாம் அசையவில்லை. நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"முதலாளியம்மா, பீர் கடைல ரூம் இருக்குன்னு சொன்னாங்க. மெத்தை, போர்வை, சுடச்சுட சூப்பு..."

அவள் நேராகப் போய் அந்தக் கோப்பையைக் கழற்றினாள். அதற்குப் பின்னால் பாறையில் ஊறின தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதுதான் ஆட்டியிருக்கிறது. எனக்குப் போன உயிர் பாதி திரும்பி வந்தது.

"மாமா, தண்ணி பாட்டிலைக் குடுங்க."

கொடுத்தேன். கோப்பையில் ஊற்றித் தூக்கிப் பிடித்தாள். நான் கீழே பார்த்தேன். ஒரு சொட்டு விழவில்லை.

"ஓட்டைக் கோப்பைன்னாங்களே?"

"ஓட்டைதான். உள்ள பாருங்க."

உள்பக்கம் ஓட்டையில் சின்னதாக ஒரு மரமுளை இறுக்கி, மேலே பிசின் தடவியிருந்தது. தண்ணீரைக் கொட்டிவிட்டு மோந்து பார்த்தேன். பிசின் வாசனையோடு இன்னொன்றும் அடித்தது. ரம் கலந்த டீ! திரும்பி வந்த பாதி உயிர் மறுபடி கிளம்பிவிட்டது.

"மாமா, பேய் டீ குடிச்சா, அது ஓட்டை வழியா ஒழுகினா பேய்க்கு என்ன நஷ்டம்?"

"ஒண்ணுமில்ல. எப்படியும் அதுக்கு வயிறு கிடையாது. அதுக்குள்ளயும் ஒழுகத்தான் போகுது."

"அப்போ எதுக்கு அடைச்சுது?"

நான் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"வழிப்போக்கன் எவனாவது அடைச்சிருப்பான்," என்றேன்.

"பக்கத்துலயே நல்ல கோப்பை இத்தனை தொங்குது. வழிப்போக்கன் ஓட்டைக் கோப்பையை எடுத்து, முளை செதுக்கி, பிசின் தேடி அடைப்பானா?"

"கூட்டத்துக்காரன் எவனாவது?"

"அவங்க பொண்டாட்டியை இரவல் கேட்டாக்கூட யோசிப்பாங்க. கோப்பையை இரவல் கேட்டா வெட்டிடுவாங்க. அதுலயும் செத்தவன் கோப்பை. கிட்டயே போக மாட்டாங்க." கோப்பையை ஆணியில் மாட்டினாள். "இந்தக் கோப்பையிலதான் குடிப்பேன்னு அடம் பிடிக்கக்கூடிய ஆள் உலகத்துலயே ஒருத்தன்தான்."

"ரடீம்."

"ரடீம். உயிரோட."

சொல்லிவிட்டு அவள் சந்தோஷப்படவில்லை. "உயிரோட இருக்கறவன் சிநேகிதனை ஜெயில்ல விட்டுட்டு இங்க வந்து டீ குடிக்கறான்னா, அவன் எப்பேர்ப்பட்ட ஆளா இருக்கணும், மாமா? அதுதான் எனக்குப் பிடிபடல."

*

கூடாரத்தைப் பிரிக்க விடவில்லை அவள். நெருப்பும் கூடாது. அடுக்கின விறகைத் தொடக் கூடாது. பாறைச் சுவரோரம் இரண்டு போர்வைச் சுருளாகக் கிடந்தோம். தின்னக் கொண்டுவந்த சாசேஜைச் சுடாமல் பச்சையாகக் கடித்தேன். அந்த அவமானத்தை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன்.

இருட்டினதும் காடு வேறாகிவிட்டது. பள்ளத்தில் ஒரு கலைமான் அடிக்குரலில் உறுமியது. இணை தேடுகிற சீசன், எனக்குத் தெரியும், படித்திருக்கிறேன். ஆனாலும் பனிக்குள்ளிருந்து அது வரும்போது யாரோ கிணற்றுக்குள்ளிருந்து அழுகிற மாதிரி இருந்தது. இலைகள் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம்கூடக் காதில் கேட்டது. பக்கத்தில் பிளாங்கா மூச்சுவிடுகிறாளா என்று இரண்டு தடவை காது வைத்துப் பார்த்துக்கொண்டேன். தனியாக வந்திருந்தால் செத்திருப்பேன், சத்தியமாக.

கண் அசந்திருப்பேன் போல. அவள் விரல் என் மணிக்கட்டை அழுத்தியது.

சரசரப்பு. நான்கு கால் இல்லை, இரண்டு கால். நடக்கிறது, நிற்கிறது, நடக்கிறது. பனிக்குள் ஒரு இருமல். அப்புறம் பாறைக்கு வெளியே, கையெட்டும் தூரத்தில், ஒரு குரல் மெதுவாக, ஆசையாக, கொஞ்சம் நடுக்கத்தோடு கேட்டது.

"ஒல்டா? நீயாடா? வந்துட்டியா?"

என் தலைமயிர் அத்தனையும் எழுந்து நின்றது. மிச்சமிருக்கிற கொஞ்சமும்தான். செத்தவன் வந்து, ஜெயிலில் இருக்கிறவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறான்! பிளாங்கா என் காதில் ஊதினாள். "பதில் சொல்லுங்க."

"ம்," என்றேன்.

"அடப்பாவி, ஒரு வருஷமாச்சேடா! முகத்தைக்கூடக் காட்டாம விறகை மட்டும் வெச்சுட்டுப் போறியே! இன்னிக்காவது..." குரல் உள்ளே வந்தது. பிளாங்கா டார்ச்சை அடித்தாள். தாடி, கிழிந்த சட்டை, கையில் ஒரு சின்னப் பாட்டில். ஹெட்விகா காட்டின போட்டோவில் பார்த்த அதே கண்கள்.

அவன் திரும்பி ஓடினான். அந்தப் பக்கம் பள்ளம். நான் துரத்தியிருந்தால் இரண்டு பேருமே கீழே போயிருப்போம். பிளாங்கா எழுந்திருக்கக்கூட இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஒன்றே ஒன்று சொன்னாள்.

"ஒல்டா ஜெயில்ல இருக்காரு. உங்களைக் கொன்னதா கேஸ். புதன்கிழமை விசாரணை."

கால் சத்தம் நின்றது. அப்புறம் அவன் திரும்பி நடந்து வந்தான்.

"பொய் சொல்றீங்க. விறகு இருக்கே!" நெருப்புக் குழியைக் கையால் காட்டினான். "நாங்க பேசி வெச்சது. எல்லாம் சரியா இருக்கற வரைக்கும் சனிக்கிழமை விறகு அடுக்கியிருக்கும். விறகு இல்லேன்னா ஏதோ தப்பு, நான் இறங்கி வந்துடணும். ஒரு வாரம்கூட தவறல. அவன் ஜெயில்ல இருந்தா இதை யாரு அடுக்கினது?"

"உங்க கூட்டத்துக்காரங்க. ஒல்டாவைப் பிடிச்சுட்டுப் போன வாரத்துலேர்ந்து. உங்களுக்காகத்தான் அடுக்கறாங்க, ரடீம். உங்களுக்குக் கல்லறை இல்லைன்னு."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். விறகை ஒரு பக்கம் துக்கத்துக்கு அடுக்கியிருக்கிறார்கள். இவன் அதையே நல்ல சேதியாக எடுத்துக்கொண்டு, வாராவாரம் குளிர் காய்ந்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறான். நடுவில் ஒருத்தன் செய்யாத கொலைக்குச் சிறையில் கிடக்கிறான். பேயே பரவாயில்லை என்று தோன்றியது எனக்கு.

"மலைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆட்டுப் பண்ணை," என்றான், யாரும் கேட்காமலே. "டி.வி. கிடையாது. பேப்பர் கிடையாது. பேசறதுக்கு ஆடுங்கதான்."

"தொப்பில ரத்தம்?"

"ஒல்டாதான் தன் கத்தியால என் உள்ளங்கையைக் கீறித் தடவினான். நிஜமா இருக்கணும்னு." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "ரொம்பவே நிஜமாயிடுச்சு போல."

"எதுக்குய்யா இந்த நாடகம்?" என்று வெடித்தேன். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது.

ரடீம் கையைப் பார்த்துக்கொண்டே பேசினான். அவன் ரயில் டிரைவர். ஸ்கால்கா வழியாகப் போகிற வண்டிதான். ஒரு பனிக்காலையில் ஊர் ரயில்வே கேட் பக்கத்தில் சைக்கிளில் ஒரு பெண் குறுக்கே வந்தாள். காதில் பாட்டு, ஹாரன் கேட்கவில்லை. பிரேக் போட்டான். ரயில் என்ன சைக்கிளா, நிற்பதற்கு? லென்கா அவள் பேர். அவன் வீட்டுக்கு எதிர்வீட்டுப் பெண். குழந்தையிலிருந்து தூக்கி வளர்த்தவன்.

"உன் தப்பில்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. அவ அம்மா யர்மிலா மட்டும் எதுவும் சொல்லல. தினம் காலையில ஜன்னலைத் திறந்து, 'வேலைக்குக் கிளம்பியாச்சா, ரடீம்?'னு கேப்பா. அவ்வளவுதான். திட்டியிருந்தா தாங்கியிருப்பேன் சார். அடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும். போன வருஷம் இந்த விளிம்புல குதிக்கத்தான் வந்தேன். ஒல்டா காலைப் பிடிச்சுக்கிட்டான். 'சாகாதடா. செத்த மாதிரி இருந்துட்டுப் போ. நான் பாத்துக்கறேன், செத்தாலும் வாயைத் திறக்க மாட்டேன்'னான்."

"திறக்கலதான்," என்றாள் பிளாங்கா.

"நான் எழுதித் தரேன். நான் உயிரோட இருக்கேன்னு. எடுத்துட்டுப் போங்க. என்னால அந்தத் தெருவுல நடக்க முடியாது."

"செத்தவன் எழுத்தை எந்த ஜட்ஜு நம்புவாரு? ஆளே வரணும்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"இங்க பாருய்யா. நானும் டிராம் ஓட்டினவன். குழந்தைங்க பந்து பின்னாடி குறுக்க ஓடி வந்தப்போ பிரேக்கைப் போட்டுட்டுக் கண்ணை மூடிக்கிட்டிருக்கேன். என் வண்டி நின்னுது, உன் வண்டி நிக்கல. அவ்வளவுதான் வித்தியாசம், அதுல என் சாமர்த்தியம் ஒண்ணுமில்ல. உன்னை நினைச்சா எனக்கு நெஞ்சே அடைக்குது. ஆனா அந்தப் பொண்ணு போனது உன் தப்பில்ல. ஒல்டா உள்ள கிடக்கறது, இந்த நிமிஷத்துலேர்ந்து, முழுக்க உன் தப்பு."

சொன்னபின் என் குரலே எனக்குப் பிடிக்கவில்லை. ரொம்பக் கடுமை. ஆனால் அவன் எழுந்தான். விறகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

காட்டிலிருந்து ஸ்கால்காவுக்கு இறங்கும்போது விடிந்துவிட்டது. ஸ்டேஷனுக்கு அந்த ஒரே தெருதான். செல்போனில் சிக்னல் வந்ததும் பிளாங்கா ஹெட்விகாவைக் கூப்பிட்டாள். "ரடீம் உயிரோட இருக்காரு. கூட்டிட்டு வரோம்," என்றாள். மறுமுனையில் எழுந்த அலறல் எனக்கே கேட்டது.

தெரு பாதியில் ஒரு பெண்மணி ஜன்னலில் மெத்தைப் போர்வையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நரைமுடி, நைட்டி. எங்களைப் பார்த்தாள். போர்வை அவள் கையிலிருந்து நழுவித் தெருவில் விழுந்தது. ரடீம் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். யார் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுச் செருப்போடு ஓடி வந்தாள் யர்மிலா. வந்த வேகத்தில் அவன் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை. அப்புறம் இரண்டு கையாலும் அவன் நெஞ்சில் குத்து குத்து என்று குத்தினாள்.

"உயிரோடவா இருக்கே? பாவி, உயிரோடவா இருக்கே? ஊரு என்ன சொன்னாலும், நான் தினமும் அப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நீ செத்தேன்னு ஒரு வருஷமா சோறு இறங்காம கிடக்கேன்டா! என் பொண்ணுக்கு ஒண்ணு, உனக்கு ஒண்ணுன்னு ரெண்டு விளக்கு வெக்கறேன்டா!"

"யர்மிலா..."

"திட்டணும்னுதான்டா தினமும் ஜன்னலைத் திறப்பேன். ராத்திரியெல்லாம் வார்த்தையைக் கோத்து வெப்பேன். உன் முகத்தைப் பாத்ததும் அந்தக் கேள்வி ஒண்ணுதான் வாயில வரும்."

ரடீம் வாய்விட்டு அழுதான். நானும்தான். பிளாங்கா வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒல்டா ஏன் வாயைத் திறக்கவில்லை என்று பிளாங்கா சுருக்கமாகச் சொன்னாள். யர்மிலா உள்ளே போய் நைட்டிக்கு மேலேயே கோட்டை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "அவனை விட்டா நடுவுல இறங்கி ஓடிடுவான். நானும் வரேன்," என்றாள்.

பிராக் போகிற வண்டி சிவப்பாக வந்து நின்றது. பிளாங்காவும் நானும் ஏறிவிட்டோம். ரடீம் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டான். கால் நகரவில்லை, முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. அவனை நான் இறங்கிப் பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன். பிளாங்கா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

யர்மிலா படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடி நின்றாள். மகள் போனதிலிருந்து அவள் ரயிலில் ஏறியதில்லை என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. ஒரு காலை வைத்தாள், மறுகாலை வைத்தாள், ஏறிவிட்டாள். திரும்பி அவனைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"எனக்கும் பயமாத்தான்டா இருக்கு. கையைக் குடு. அங்க ஒருத்தன் காத்துக்கிட்டிருக்கான்."

அவன் கையைக் கொடுத்தான். அவள் இழுத்து ஏற்றிக்கொண்டாள். கதவு மூடி, வண்டி கிளம்பியது.